தனிமைப்படுத்தல் குடும்பங்களைச் சேர்த்ததா, உடைத்ததா?

மழைத்துளி:
"கொரோனா ஊரடங்கு எங்களை ஒன்றுசேர்த்தது" என்று பலர் எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. எங்கள் வீட்டில் ஐந்து பேர், இரண்டே அறைகள். தொற்று வந்த அப்பாவுக்கு அதில் ஒன்றை ஒதுக்கினோம். 14 நாளும் சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டு விலகி நின்றேன். கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தாத்தாவின் இருமலை எண்ணிக்கொண்டிருந்த என் பையன், இன்றும் யாராவது இருமினால் எழுந்து போய்விடுகிறான். பெருந்தொற்றின் முதல் ஆண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் சொன்னது. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது?

தூரப்பார்வை:
உங்கள் பையனை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஆனால் அந்த 25 சதவீதத்தை அப்படியே தனிமைப்படுத்தலின் தலையில் கட்ட முடியாது. நோய் பயம், சாவு, வேலை போனது எல்லாம் அதற்குள் இருக்கிறது. 21 நாடுகளின் தரவைப் பார்த்து 2021இல் 'லான்செட் சைக்கியாட்ரி' மனநல மருத்துவ இதழில் வந்த ஆய்வு, முதல் சில மாதங்களில் தற்கொலைகள் கூடியதற்குச் சான்று இல்லை என்றே சொன்னது. என் கதையும் வேறு. தினமும் மகள் தூங்கிய பிறகே வீடு திரும்பியவன் நான். அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டதே அப்போதுதான்.

அகல்:
அந்த 21இல் ஏழை நாடு ஒன்றுகூட இல்லை. அப்புறம், தற்கொலை கூடவில்லை என்பதால் வீட்டுக்குள் யாரும் நொறுங்கவில்லை என்று ஆகிவிடுமா? அடி வாங்கும் பெண்ணுக்கு, அடிப்பவன் வேலைக்குப் போயிருக்கும் நேரம்தான் மூச்சு விடும் நேரம். அதுவும் போனது. போனில் உதவி கேட்க ஒரு மூலைகூட இல்லை. ஐ.நா. பெண்கள் அமைப்பு இதை 'நிழல் பெருந்தொற்று' என்றே அழைத்தது.

தூரப்பார்வை:
சரி, ஏற்கிறேன். ஆனால் அடைத்து வைக்காமல் விட்டிருந்தால், தடுப்பூசி வருவதற்குள் இன்னும் எத்தனை வீடுகளில் ஆள் குறைந்திருக்கும்? அந்தத் துக்கம் மட்டும் மனதை விட்டுவைக்குமா?

மழைத்துளி:
தனிமைப்படுத்தியதே தவறு என்று நான் சொல்லவில்லை. செய்த விதத்தைச் சொல்கிறேன். பழைய தொற்றுகளைப் பற்றிய 24 ஆய்வுகளைத் தொகுத்து 2020 பிப்ரவரியிலேயே 'லான்செட்' மருத்துவ இதழில் கட்டுரை வந்துவிட்டது. நாள் நீண்டால், தகவல் தெளிவில்லாவிட்டால், கையில் பணம் இல்லாவிட்டால், அக்கம்பக்கம் ஒதுக்கினால் மனம் கெடும் என்று அதில் இருக்கிறது. எங்களுக்கு அப்படியே நடந்தது. முதல் 14 நாளைத் தாங்கினோம். அதற்குப் பிறகு முடிவு தள்ளிக்கொண்டே போனபோதுதான் உடைந்தோம். "எப்போம்மா வெளியே போகலாம்?" என்பான் பையன். நானும் ஒரு தேதி சொல்வேன், அது பொய்யாகும். கடைசியில் அவன் கேட்பதையே நிறுத்திவிட்டான்.

தூரப்பார்வை:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. என் மகளும் அப்படித்தான் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்து, பிறகு விட்டுவிட்டாள். பழகிவிட்டது என்று நினைத்தேன். அந்த மாதங்கள் அவளுக்கு எப்படி இருந்தன என்று நான் இதுவரை கேட்டதே இல்லை. இன்றிரவு கேட்கிறேன்.