பெரியப்பாவின் துவக்கும் தேங்காய் எண்ணெயும்

1970களில் சாவகச்சேரியில் எங்கள் பெரியப்பாவிடம் அனுமதிப்பத்திரத்தோடு ஓர் இரட்டைக் குழல் துவக்கு இருந்தது. குழல் அளவு 12 போர்; தோட்டாவின் அடியில் அடிக்கும் சுத்தியல்களான குதிரைகள் வெளியே தெரிகிற பழைய வகை. பரந்தன் வயலில் பன்றி இறங்கும் காலத்தில் மட்டும் அது பெட்டியை விட்டு வெளியே வரும்.

ஒரு மார்கழி விடியலில் விசையை இழுத்தார். வெடிக்கவில்லை. குதிரை விழுந்தது என்று சொல்ல முடியாது, சோம்பலாகச் சாய்ந்தது. பன்றி போய்விட்டது. பெரியப்பாவோ குழலை வெறும் வரம்புப் பக்கம் பிடித்தபடி அறுபது வரை எண்ணினார். பிந்தி வெடிக்கிற தோட்டாவும் உண்டு. பிறகு திறந்து பார்த்தால், தோட்டாவின் அடியில் மெல்லிய ஒரு தடம் மட்டும்.

தோட்டா பழசு என்று திட்டினார். ஆனால் வீட்டுக்கு வந்து, மத்தியானம், வெடித்துத் தீர்ந்த வெற்றுத் தோட்டாக்களை வைத்துச் சோதித்தபோது குதிரை சுள்ளென்று அடித்தது. மறுநாள் விடியலில் மீண்டும் அதே சோம்பல்.

விடை அடுப்படித் தட்டில் இருந்தது. பெரியம்மா தலைக்கு வைக்கும் எண்ணெய்ப் போத்தல் வெள்ளையாக உறைந்து கிடந்தது. தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கும். மார்கழிக் குளிருக்கு அது போதும். தலைக்கும் கதவுக் கீலுக்கும் பூசுகிற அதே எண்ணெயைத்தான் பெரியப்பா வருடக்கணக்காகத் துவக்குக்கும் ஊற்றியிருந்தார்.

யாழ்ப்பாணத்தில் மணிக்கூடு திருத்தும் ஒருவர், இந்த வேலையும் தெரிந்தவர், பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே பழுப்பு நிறத்தில் பிசின், அதில் ஒட்டிய தூசி. மண்ணெண்ணெயில் கோழி இறகைத் தோய்த்துக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்தார். பிறகு தையல் இயந்திர எண்ணெயை ஊசி நுனியில் எடுத்து, உரசுகிற இடங்களில் மட்டும் ஒவ்வொரு துளி.

"விசையும் கொஞ்சம் இறுக்கம், குதிரையைப் பிடித்து வைக்கிற அந்தப் பல்லை அராவிவிடுங்கள்" என்றார் பெரியப்பா.

"அரத்தை வைத்தால் பிறகு கதவு அடிக்கிற சத்தத்துக்கே வெடிக்கும் ஐயா" என்று அவர் மறுத்துவிட்டார். அந்த ஒரு பதிலுக்காகவே அவரை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். துவக்கைக் குழல் வாய் கீழாக நிறுத்தி வைக்கவும் சொன்னார். இல்லாவிட்டால் எண்ணெய் வழிந்து பிடிக்கட்டையில் ஊறி மரம் மென்மையாகிவிடுமாம்.

அதன் பிறகு துவக்கு வெடிக்கத் தவறவில்லை. பெரியம்மாவின் தையல் இயந்திரம்தான் அடிக்கடி எண்ணெயில்லாமல் கிறீச்சிட்டது.