ஆஸ்பத்திரியில் ஊசி, மருந்து மாறிப்போன அனுபவம் யாருக்காவது உண்டா?

அம்பைக்காரி:
ஆச்சியை மூச்சுத்திணறலுக்காக ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பக்கத்துக் கட்டிலிலும் ஒரு இசக்கியம்மாள். நம்ம பக்கம் சாமி பேர்தானே வைப்போம், ஒரு வார்டில் இரண்டு இசக்கியம்மாள் இருக்கத்தான் செய்வார்கள். ராத்திரி டியூட்டி மாறி வந்த நர்ஸ் "இசக்கியம்மா தானே?" என்றார். ஆச்சிக்குக் காது மந்தம், யார் என்ன கேட்டாலும் "ஆமாம்மா"தான். கையில் மருந்து ஏற்றக் குத்தியிருந்த வென்ஃப்ளான் குழாயில் சிரிஞ்சைச் செருகியாயிற்று. அப்போது அடுத்த கட்டிலிலிருந்து, "எக்கா, அது எங்கம்மைக்கு உள்ள ஊசில்லா?" என்று ஒரு சத்தம். நர்சின் கட்டைவிரல் அப்படியே நின்றது. சிரிஞ்சில் இருந்தது ஆம்பிசிலின். ஆச்சிக்குப் பென்சிலின் வகையே ஆகாது. அந்தக் கட்டைவிரல் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

களக்காட்டான்:
ராத்திரி ஒரே ஆள் முழு வார்டையும் பார்த்தால் இப்படித்தான் ஆகும், நர்சைக் குறை சொல்லாதீர்கள். கூட இருந்தவர்கள்தான் கவனிக்க வேண்டும்.
எங்கள் அப்பா கதை வேறு. குப்பியில் மில்லிக்கு 40 யூனிட் இன்சுலின். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. கடையில் இல்லையென்று ஆரஞ்சு மூடி போட்ட, மில்லிக்கு 100 யூனிட் கணக்குள்ள சிரிஞ்சைக் கொடுத்துவிட்டார்கள். 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போனது 8 யூனிட்தான், சுகர் இறங்கவே இல்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் அக்காதான் இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்.

பாளை மைனி:
அண்ணாச்சி, கூட இருப்பவர் தலையில் போடாதீர்கள். நான் வார்டில் வேலை பார்த்தவள். "இன்னார் தானே?" என்று கேட்கவே கூடாது. "உங்க பேரு என்ன?" என்று கேட்டு, பதில் நோயாளி வாயிலிருந்து வர வேண்டும். அப்புறம் கைப்பட்டையில் ஐபி நம்பரையோ (உள்நோயாளி எண்) பிறந்த தேதியையோ ஒத்துப் பார்க்க வேண்டும். கட்டில் நம்பர் கணக்கே இல்லை, ஆள் கட்டில் மாறுவார். காது கேட்காதவர், மயக்கத்தில் கிடப்பவர் என்றால் பட்டைதான் கதி. இரண்டு அடையாளம் பார்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே சொல்லிவிட்டது. ஒரே பேரில் இருவர் இருந்தால் கேஸ் ஷீட்டின் மேலேயே எழுதி வைக்கலாம். ஒவ்வாமை இருந்தால் டியூட்டி மாறும்போது வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். ஆள் பற்றாக்குறை உண்மைதான், ஆனால் பேர் கேட்க அரை நிமிஷம் ஆகாது.

அம்பைக்காரி:
மைனி, ஆச்சி கையில் பட்டையே இல்லை. கை வீங்குகிறதென்று கழற்றியவர்கள் திரும்பப் போடவில்லை. நான் அந்த நர்சைக் குறை சொல்லவில்லை, அண்ணாச்சி. மறுநாள் நிர்வாகத்திடம் பட்டையைப் பற்றித்தான் எழுதிக் கொடுத்தேன். சாயங்காலமே இரண்டு பேருக்கும் கட்டிவிட்டார்கள், பேரோடு ஊரையும் சேர்த்து.