அமெரிக்காவின் க்யூர்ஸ் சட்டம்: எழுதி வைத்த பணம் எப்படி வற்றும்?

வைகைக்கரை:
என் தம்பி அமெரிக்காவில் ஒரு நரம்பியல் ஆய்வகத்தில் போஸ்ட்டாக், அதாவது பிஎச்டி முடித்துவிட்டுத் தற்காலிக வேலையில் ஆய்வு செய்கிறவன். அடுத்த வருஷம் வேலையை நீட்டிப்பது சந்தேகம், க்யூர்ஸ் பணம் வற்றிவிட்டது என்று பேராசிரியர் சொல்லிவிட்டாராம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. 2016 டிசம்பரில் ஒபாமா கையெழுத்துப் போட்ட அந்த மருத்துவ ஆராய்ச்சிச் சட்டம் தேசிய சுகாதார நிறுவனத்துக்கு, அதாவது என்ஐஎச்சுக்கு, 10 வருஷத்தில் 480 கோடி டாலர் என்று எழுதி வைத்ததே? கெடு முடியும் முன்பே எப்படி வற்றும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நியூரான்நேசன்:
பேராசிரியர் சொன்னது சரிதான். அந்த 480 கோடி வருஷத்துக்கு இவ்வளவு என்று சமமாக வருவதில்லை. எந்தத் திட்டத்துக்கு எந்த வருஷம் எவ்வளவு என்று சட்டத்திலேயே அட்டவணை இருக்கிறது, அது ஏறும், அப்புறம் மளமளவென்று இறங்கும். மூளை ஆராய்ச்சிக்கான பிரெய்ன் திட்டத்தையே பாருங்கள். 2023 நிதியாண்டில் க்யூர்ஸ் வழியாக 45 கோடி, என்ஐஎச்சின் வழக்கமான பட்ஜெட்டிலிருந்து 23 கோடி, ஆக 68 கோடி டாலர். அடுத்த வருஷம் அட்டவணைப்படி க்யூர்ஸ் பங்கு 17.2 கோடிக்கு விழுந்தது. வழக்கமான பங்கை உயர்த்திப் பள்ளத்தை நிரப்பியிருக்கலாம், அமெரிக்க காங்கிரஸ் செய்யவில்லை. மொத்தம் 40.2 கோடி. ஒரே வருஷத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போச்சு! புற்றுநோய் ஆராய்ச்சிக்கான மூன்ஷாட் திட்டத்தின் 180 கோடியோ 2023உடனேயே தீர்ந்துவிட்டது.

பள்ளம் வரும் என்று 2016லேயே எல்லோருக்கும் தெரியும், அதுதான் எரிச்சல். போனஸை நம்பி வாடகை அதிகமான வீட்டுக்குக் குடி போன கதை.

கறிவேப்பிலை:
முதலில் பேசிய தொகையே இது இல்லை, அதையும் சொல்லுங்கள். 2015இல் பிரதிநிதிகள் சபை 344க்கு 77 என்று நிறைவேற்றிய வடிவத்தில் என்ஐஎச்சுக்கு 875 கோடி, அதுவும் வருஷா வருஷம் போய் நிற்கத் தேவையில்லாத கட்டாய நிதி. கடைசியில் வந்தது 480 கோடி, அதையும் ஒவ்வொரு வருஷமும் காங்கிரஸ் ஒதுக்கித் தர வேண்டும். அந்தக் காசு எங்கிருந்து வந்தது? கச்சா எண்ணெய்க் கையிருப்பை விற்றதில் கொஞ்சம், நோய்த்தடுப்புக்கென்று இருந்த பொதுச் சுகாதார நிதியில் கைவைத்ததில் கொஞ்சம். நோய் வராமல் தடுக்க வைத்திருந்ததை எடுத்து, வந்த நோய்க்கு மருந்து தேடுகிறார்கள்.

மருந்துக் கம்பெனிகளுக்கு வாரிக் கொடுக்கிறார்கள் என்று செனட்டர் எலிசபெத் வாரன் எதிர்த்தார், ஆனாலும் செனட்டில் 94க்கு 5. ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் மருந்துக்குப் புது நோயைச் சேர்க்க, முறையான சோதனைக்கு வெளியே கிடைக்கும் மருத்துவப் பதிவுகளையும் காப்பீட்டுக் கணக்குகளையும் ஆதாரமாக எப்படிக் கொள்ளலாம் என்று மருந்துகளுக்கு அனுமதி தரும் அமைப்பான எஃப்டிஏ வழி வகுக்க வேண்டும் என்றது சட்டம். ஆராய்ச்சிப் பணத்துக்கு முடிவுத் தேதி இருக்கிறது, இதற்கு இல்லை. என் கோபம் அங்கேதான்.

எடிசன் மாமி:
கோடிக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது, ஆனால் இதே சட்டம் எங்கள் வீட்டுக்குள் வந்தது. இவருடைய பயாப்சி ரிப்போர்ட் வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டரைக்கு போனில் வந்து நின்றது, டாக்டர் பேசியது திங்கள்கிழமை. நோயாளியின் ரிப்போர்ட்டைத் தராமல் தடுத்து வைக்கக்கூடாது என்கிற விதி க்யூர்ஸ் சட்டத்திலிருந்து வந்ததாம், 2021 ஏப்ரலில் அமலானது. அந்த இரண்டு நாள் நாங்களும் கூகுளும்தான், சோறு இறங்கவில்லை. சாதாரணக் கட்டி என்று அந்த ரிப்போர்ட்டிலேயே இருந்திருக்கிறது, எங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை. அதற்காக, பழையபடி ஃபைலுக்கு கவுண்டரில் போய் நில் என்றால் மாட்டேன்.

வைகைக்கரை:
மாமி, சாருக்கு ஒன்றுமில்லை என்றதும்தான் எனக்கும் மூச்சு வந்தது. நேசன் சார், தம்பி இப்போது என்ன செய்யலாம்?

நியூரான்நேசன்:
தன் சம்பளம் எந்த கிராண்டிலிருந்து வருகிறது, அது எந்தத் தேதி வரை என்று பேராசிரியரிடம் நேரடியாகக் கேட்கச் சொல்லுங்கள். நம் பிள்ளைகள் இதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள். அப்புறம் என்ஐஎச்சின் கே99, போஸ்ட்டாக்குகள் சொந்தமாக ஆய்வு நடத்தும் நிலைக்குப் போக உதவும் கிராண்ட். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம், ஆனால் போஸ்ட்டாக் அனுபவம் நான்கு வருஷத்தைத் தாண்டக்கூடாது.

வைகைக்கரை:
மூன்றரை முடிந்துவிட்டது அவனுக்கு. அங்கே விடியட்டும், போன் போடுகிறேன்.