நிலையான தளத்தில் இயங்கும் வலைப்பூவுக்கு எந்தப் பின்னூட்ட அமைப்பு பொருந்தும்?

ஏட்டுச்சுவடி:

வணக்கம். ஹ்யூகோ என்ற மென்பொருளில் உருவாக்கிய, பக்கங்கள் முன்கூட்டியே கோப்புகளாக ஆயத்தமாகிவிடும் நிலையான தளமான என் வலைப்பூவில் இதுவரை பின்னூட்டப் பெட்டி இல்லை. கருத்துச் சொல்ல விரும்புபவர்கள் மின்னஞ்சல் அனுப்புகிறார்கள். அவற்றுள் சில என் இடுகையைவிடச் செறிவாக அமைந்துவிடுவதால், மற்ற வாசகர்களுக்கும் படிக்கக் கிடைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. நூல் அறிமுகங்களைப் படிக்க வருபவர்களே என் வாசகர்களில் பெரும்பாலோர். நிரலாளர்கள் மிகக் குறைவு. விளம்பரங்களும் வாசகரைப் பின்தொடரும் நிரல்களும் வேண்டவே வேண்டாம். டிஸ்கஸ், கிஸ்கஸ், இஸ்ஸோ ஆகிய மூன்றைப் பற்றியும் படித்தேன். முதலாவது எளிது, இரண்டாவது இலவசம், மூன்றாவதற்குத் தனியாக ஒரு சர்வர் வேண்டும் என்ற அளவில் புரிகிறது. ஒருமுறை அமைத்தபின் பல ஆண்டுகள் மாற்றாமல் வைத்திருக்க வேண்டுமென்றால் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

கல்தச்சன்:

வசதிகளை ஒப்பிடுவதற்கு முன், பின்னூட்டம் எழுத வருபவரிடம் என்ன கேட்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். பெயர் மட்டும் போதுமா, மின்னஞ்சல் முகவரியும் வேண்டுமா, அல்லது ஏதேனும் ஒரு சேவையில் கணக்கு இருந்தால்தான் எழுத முடியுமா என்ற அந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்தாலே பாதிப் பட்டியல் கழிந்துவிடும். கிஸ்கஸ் பின்னூட்டங்களை, நிரலாளர்கள் தம் நிரல்களை வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் விவாதப் பகுதியில் சேமிக்கிறது. அதற்கு முன்னோடியான அட்டரன்சஸ், கிட்ஹப்பின் சிக்கல் பதிவுகளில் சேமிக்கிறது. இரண்டும் திறமூல மென்பொருள்கள், விளம்பரமற்றவை, நேர்த்தியானவை. ஆனால் இரண்டிலும் எழுத வாசகருக்குக் கிட்ஹப் கணக்கு இருந்தாக வேண்டும். நிரலாக்க வலைப்பூவுக்கு இது ஒரு தடையே அல்ல. நாவலைப் பற்றி நாலு வரி எழுத வந்தவரிடம் கிட்ஹப் கணக்கு தொடங்கச் சொன்னால் அவர் சன்னலை மூடிவிட்டுப் போய்விடுவார்.

டிஸ்கஸ் 2007இல் தொடங்கப்பட்டது. 2017 டிசம்பரில் ஜீட்டா குளோபல் என்ற சந்தைப்படுத்தல் தொழில்நுட்ப நிறுவனம் அதை வாங்கியது. அதன் இலவசச் சேவை விளம்பர வருவாயை நம்பி நடப்பது. வாசகர்களின் இணைய நடமாட்டத்தை உரிய சட்ட அடிப்படையின்றி விளம்பரதாரர்களுடன் பகிர்ந்ததாகக் கூறி, 2.5 கோடி குரோனர் தண்டம் விதிக்க உத்தேசித்திருப்பதாக நார்வேயின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் அறிவித்தது. நீங்கள் இட்ட நிபந்தனைக்கு அது ஒத்துவராது என்பதற்கு இதுவே போதும்.

எனவே மீதி இருப்பவை நாமே நிறுவிக்கொள்ளும் அமைப்புகள். இஸ்ஸோ பைத்தானில் எழுதப்பட்டது. எல்லாப் பின்னூட்டங்களையும் எஸ்கியூலைட் என்ற எளிய தரவுத்தள வடிவில் ஒரே ஒரு கோப்பில் வைக்கிறது. பெயரின்றியும் எழுத விடலாம், பெயரையும் மின்னஞ்சலையும் கட்டாயமாக்கவும் செய்யலாம். எழுதியவரே தம் பின்னூட்டத்தைத் திருத்திக்கொள்ள இயல்பாகவே 15 நிமிடம் தருகிறது. தட்டச்சுப் பிழை கண்ணில் படுவது எப்போதும் அனுப்பிய பிறகுதான் என்பதால் இந்த ஒரு வசதிக்காகவே எனக்கு அதைப் பிடிக்கும். ரிமார்க்42 கோ மொழியில் எழுதப்பட்டது. சமூகத் தளக் கணக்கு, மின்னஞ்சல், பெயர் மட்டும் என்று பலவகை உள்நுழைவுகளை நாம் விரும்பியபடி திறந்து வைக்கலாம். நாள்தோறும் தானே காப்புநகல் எடுத்து வைக்கிறது. உங்கள் அளவுக்கு இஸ்ஸோவே போதும் என்பது என் கருத்து.

நள்ளிரவுநிரலர்:

மேலே உள்ளவரின் முடிவோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. சர்வரை வாடகைக்கு எடுப்பது எளிது. அதை ஆண்டுக்கணக்கில் பராமரிப்பதுதான் பலரால் முடிவதில்லை. பாதுகாப்புப் புதுப்பிப்புகள், சான்றிதழ் புதுப்பித்தல், வட்டு நிறைந்துபோதல் என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். நிலையான தளத்தைத் தேர்ந்தெடுத்ததே இந்தத் தொல்லைகள் வேண்டாம் என்றுதானே?

ஆகவே கிஸ்கஸை அவ்வளவு விரைவாக ஒதுக்க வேண்டாம். அதில் செல்வதானால் ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். எந்த இடுகைக்கு எந்த விவாதம் என்பதை அது கிட்ஹப்பின் தேடல் வழியாகவே கண்டுபிடிக்கிறது. அந்தத் தேடல் தோராயமானது. தலைப்புகள் ஒன்றுபோல் இருந்தால் ஓர் இடுகையின் பின்னூட்டங்கள் வேறோர் இடுகையின் அடியில் போய் நிற்கக்கூடும். ‘வாசிப்புக் குறிப்புகள் 1’, ‘வாசிப்புக் குறிப்புகள் 2’ என்று தொடர் எழுதுபவர்களுக்கு இது நேரவே நேரும். இதைத் தவிர்க்கத் துல்லியப் பொருத்தம் என்ற தேர்வு அமைப்பில் இருக்கிறது. அதை முதல் நாளே இயக்கிவிடுங்கள். விவாதங்களை அறிவிப்பு வகையில் வைத்தால், வெளியாட்கள் தாமாகப் புது விவாதம் தொடங்க முடியாது.

ஏட்டுச்சுவடி:

இருவருக்கும் நன்றி. பராமரிப்பு பற்றிச் சொன்னது உண்மைதான். ஆனால் கணக்கு இல்லாமல் எழுத முடியாது என்றால் என் வாசகர்களில் மிகச் சிலரே எஞ்சுவார்கள். வேறோர் ஐயம்: யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்து வைத்தால் எரிதங்கள் (ஸ்பேம்) வந்து குவியாதா? தவிர, இடுகைகளின் முகவரிகள் தமிழிலேயே இருக்கின்றன. அதனால் சிக்கல் வருமா?

மறுகரை:

குவியும். ஆனால் சிறிய வலைப்பூவில் அதைச் சமாளிப்பது கடினமல்ல. பின்னூட்டங்களில் உள்ள இணைப்புகளுக்குத் தேடுபொறி மதிப்பு சேராதபடி செய்யும் குறியீடு 2005இலேயே வந்துவிட்டது. இஸ்ஸோவும் அதை இடுகிறது. எரிதம் அனுப்புபவர்கள் அதைப் பொருட்படுத்துவதே இல்லை, ஏனெனில் அனுப்புவது மனிதர் அல்ல, செலவில்லாமல் ஓடும் நிரல். நம்பகமான வழி மட்டுறுத்தல்தான், அதாவது நீங்கள் பார்த்து ஒப்பிய பிறகே பின்னூட்டம் வெளியாவது. இஸ்ஸோவில் அதையும் மின்னஞ்சல் அறிவிப்பையும் இயக்கினால் ஒவ்வொரு பின்னூட்டமும் உங்கள் மின்னஞ்சலுக்கு வரும். வெளியிட ஓர் இணைப்பும் அழிக்க ஓர் இணைப்பும் அந்த அஞ்சலிலேயே இருக்கும். கைப்பேசியில் இருந்தபடியே முடித்துவிடலாம். ஒரே ஐபி முகவரியிலிருந்து நிமிடத்துக்கு 2 பின்னூட்டங்களுக்கு மேல் ஏற்காத கட்டுப்பாடும் இயல்பாகவே உண்டு. வாரம் முழுவதும் மின்னஞ்சல் பார்க்காமல் இருக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் மட்டும் மட்டுறுத்தலைப் பரிந்துரைக்க மாட்டேன். எழுதியது காணாமல் போயிற்று என்று நினைத்து வாசகர் இரண்டாம் முறை எழுதுவார், மூன்றாம் முறை எழுத மாட்டார்.

முகவரியைப் பொறுத்தவரை, தமிழால் எதுவும் உடையாது. ஆனால் உலாவியிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது ‘கி’ என்ற ஓர் எழுத்தே 18 குறிகளாக விரியும். ஒருநாள் அதைக் காணச் சகியாமல் முகவரிகளைச் சுருக்கத் தோன்றும். இஸ்ஸோ பக்கத்தின் முகவரியை வைத்தே பின்னூட்டங்களை அடையாளம் காண்கிறது. கிஸ்கஸிலும் பலர் அப்படித்தான் அமைக்கிறார்கள். முகவரி மாறிய அன்றே பழைய உரையாடல்கள் இடுகையை விட்டுப் பிரிந்துவிடும், அழியாவிட்டாலும் கண்ணில் படாது. இஸ்ஸோவில் ஒவ்வொரு பக்கத்துக்கும் நாமே ஓர் அடையாளத்தைக் கொடுக்க வழி உண்டு. இடுகை வெளியான தேதியையோ ஒரு வரிசை எண்ணையோ அடையாளமாகக் கொடுத்துவிட்டால், பிறகு முகவரியை எப்படி மாற்றினாலும் கவலை இல்லை.

ஒன்று சேர்க்க விரும்புகிறேன். பல ஆண்டுகள் என்று கேட்டீர்கள். அப்படியானால் எடுத்துச் செல்ல முடிகிற தரவுதான் முக்கியம். பிளாகரில் கூகுள் பிளஸ் வழியாக எழுதப்பட்ட பின்னூட்டங்கள், 2019இல் அந்தச் சேவை மூடப்பட்டபோது அதனோடு சேர்த்து நீக்கப்பட்டன. எஸ்கியூலைட் கோப்பை வாரம் ஒருமுறை உங்கள் கணினிக்கு நகலெடுத்தால் இந்த அச்சம் இல்லை.

சிற்றோடை:

இவ்வளவு ஏற்பாடு தேவையா என்றும் யோசிக்கலாம். இடுகையின் அடியில் மின்னஞ்சல் இணைப்பு வையுங்கள். வரும் கடிதங்களில் நல்லவற்றை, எழுதியவரின் ஒப்புதலோடு, அந்த இடுகையின் கோப்பிலேயே சேர்த்து மறுபடி வெளியிடுங்கள். சர்வர் வேண்டாம், ஜாவாஸ்கிரிப்ட் வேண்டாம், தேடுபொறியும் தடையின்றிப் படிக்கும். வாசகர்கள் தமக்குள் பேசிக்கொள்ள முடியாது என்பதுதான் குறை.

ஏட்டுச்சுவடி:

அவர்கள் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் விருப்பமே. அதனால் மட்டுறுத்தலோடு இஸ்ஸோவை நிறுவிப் பார்க்கிறேன். சோதனையாக நிறுவியதில் சர்வர் ஓடுகிறது, ஆனால் பக்கத்தில் பெட்டி தோன்றவில்லை. எங்கே பார்ப்பது?

கல்தச்சன்:

பெரும்பாலும் அமைப்புக் கோப்பில் வலைப்பூவின் முகவரி எழுதப்பட்ட விதம்தான் காரணமாக இருக்கும். ‘எச்டிடிபிஎஸ்’ உட்பட, முன்னால் மூன்று டபிள்யூ இருக்கிறதா இல்லையா என்பது உட்பட, உலாவியில் தெரிவதும் கோப்பில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கை என்று கருதி உலாவியே தடுத்துவிடும். இரு வடிவிலும் உங்கள் தளம் திறக்குமானால் இரண்டையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். திருத்தியபின் இஸ்ஸோவை நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும். அதன் பிறகும் வரவில்லை என்றால் உலாவியின் கன்சோலில் (பக்கத்தின் பிழைகளைக் காட்டும் பகுதி) தெரியும் பிழைச் செய்தியை இங்கே ஒட்டுங்கள், பார்க்கிறேன்.