காரைக்குடியில் இத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது, வாடகைக்கு மட்டும் ஏன் கிடைப்பதில்லை?

கழனிவாசல் தம்பி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன், மனைவிக்கு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. இரண்டு சம்பளமும் சேர்ந்தாலும் இருபத்தைந்தாயிரத்தைத் தாண்டாது. இப்போது இருக்கிற வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மகனுக்குக் கல்யாணமாம், அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த வீடு தேடும்போதுதான் தெரிகிறது. அட்வான்ஸ் எண்பதாயிரம், ஒரு லட்சம் என்கிறார்கள். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. கரண்டுக்கு, வீட்டுக்காரர் தன் மீட்டருக்குக் கீழே தானே வைக்கிற சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்கு பத்து ரூபாய். அரசாங்கம் தருகிற 100 யூனிட் இலவசம் யார் கணக்கில் போகிறது என்று கேட்டால் முகம் மாறிவிடுகிறது.

இதையெல்லாம்கூட பேசிச் சமாளிக்கலாம். போன வாரம் ஒரு வீட்டில் வாடகை, தண்ணீர் எல்லாம் பேசி முடித்து சாவி வாங்கப் போகிற நேரத்தில் அந்த அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டே சொந்த ஊர் எது என்றார். சொன்னேன். அந்த ஊரில் எந்தத் தெரு? அதையும் சொன்னேன். உங்களுக்குக் குலசாமி எது? அதற்கும் பதில் சொன்ன பிறகு, "அவுக வரட்டும், கேட்டுட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்றார். ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. "நீங்க என்ன ஆளு" என்று நேராகக் கேட்டிருந்தால்கூட பெட்ரோலாவது மிச்சமாகியிருக்கும்.

என் கேள்வி இதுதான். இதே ஊரில் தெருவுக்குத் தெரு பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சட்டம், அரசுத் திட்டம் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், நம் ஊர் மட்டத்தில் நாமே சேர்ந்து ஏதாவது செய்ய முடியாதா? எங்காவது செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

நோட்டரி வாசல் எழுதியது:

தம்பி, சட்டத்தை ஒரு பக்கம் வைக்காதீர்கள், அதில் உங்களுக்கு ஆகிற சங்கதி இருக்கிறது. 1960ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017இல் போட்ட புதுச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். துணை ஆட்சியர் அந்தஸ்துக்குக் குறையாத ஒருவர்தான் அந்த அதிகாரி. ஆன்லைனிலேயே பதியலாம். பதினோரு மாத பாண்டு பேப்பரில் எழுதி பீரோவில் வைத்துவிட்டால் போதும் என்று இன்னமும் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது என்பதுதான் பொது விதி. ஆனால் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அது செல்லும், அந்த ஓட்டை வழியாகத்தான் பத்து மாதம் நுழைகிறது. காலி செய்தால் பாக்கியைக் கழித்துக்கொண்டு ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். தகராறு என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் அதே அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம்.

சாதி கேட்கிற விஷயத்துக்கு இந்தச் சட்டத்தில் மருந்து இல்லை. வீடு தர மாட்டேன் என்று யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லையே, "சொல்லி அனுப்புறோம்" என்பதை எந்த அதிகாரியிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

முத்துப்பட்டணம் ஆச்சி எழுதியது:

வீட்டுக்காரர்கள் பக்கமும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்கிறேன். எனக்குப் பென்ஷன் கிடையாது, மாடி வாடகைதான் வருமானம். முன்பு இருந்தவர் ஐந்து மாத வாடகையும் கரண்டு பாக்கியும் வைத்துவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட்டார். மூன்று மாத அட்வான்ஸ் அதற்கே காணாது, அப்புறம் வெள்ளையடிக்க, குழாய் மாற்ற எங்கே போவது? சொத்து வரி, தண்ணீர் வரி யாரும் தள்ளிப் போடுவதில்லை.

ஆனால் தம்பி சொன்ன கரண்டு விஷயம் நியாயம்தான். என் மாடிக்குத் தனி சர்வீஸ், அதாவது தனி மின் இணைப்பு, வாங்கிவிட்டேன், அதற்குத் தனி பில் வருகிறது, குடியிருப்பவர்களே கட்டிக்கொள்கிறார்கள், எனக்கும் மீட்டரைப் பார்த்து எழுதுகிற வேலை மிச்சம். சப் மீட்டரில் இரண்டு காசு பார்க்கலாம் என்று நினைப்பவர்கள், அதனாலேயே நல்ல குடித்தனக்காரர் ஓடிப்போவதைக் கணக்கில் எடுப்பதில்லை.

குலசாமி கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் தெருவிலும் கேட்கிறார்கள், நானே காதால் கேட்டிருக்கிறேன். நான் கேட்பது எங்கே வேலை, எத்தனை பேர், வண்டி உண்டா, இவ்வளவுதான். கறி சமைப்பதைப் பற்றியும் கேட்பதில்லை, இந்த ஊரில் இருந்துகொண்டு அதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

மூணாம் கட்டு எழுதியது:

பூட்டிக் கிடக்கிற வீடுகளைப் பற்றி நான் சொல்கிறேன், எங்கள் வீடே அதில் ஒன்று. நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். பாட்டன் பூட்டன் காலத்து வீடு, இன்றைக்குப் பங்காளிகள் எத்தனை பேர் என்று எண்ணவே ஒரு சாயங்காலம் வேண்டும். சென்னை, மலேசியா, அமெரிக்கா என்று ஆளுக்கு ஒரு பக்கம். விற்க வேண்டுமானால் அத்தனை கையெழுத்தும் வேண்டும், ஒருவர் முறுக்கிக்கொண்டாலும் முடிந்தது. அதனால் விற்கவும் முடியாமல், ஓடு மாற்றவும் முடியாமல், மழைக்காலத்துக்கு ஒரு சுவராக இறங்கிக்கொண்டிருக்கிறது. முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நிற்கிற தேக்குத் தூண்களும் கதவுகளும் இப்படி இறங்கிய வீடுகளிலிருந்து போனவைதான்.

வாடகைக்கு விடலாமே என்று கேட்பீர்கள். முகப்பும், நடு முற்றமும் அதைச் சுற்றிய அறைகளுமான வளவும், முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வேண்டும், அதைக் குடித்தனத்துக்கு விடப் பங்காளிகள் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள், நானும் மாட்டேன். ஆனால் நம் பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. கடைசிக் கட்டு, அதாவது அடுப்படிப் பக்கம், அதற்குப் பின் தெருவில் தனி வாசலே இருக்கிறது. கிணறும் அந்தப் பக்கம்தான். கக்கூஸ் ஒன்று கட்டி, நடுவாசலை உள்பக்கமாகப் பூட்டிவிட்டால் இரண்டு குடும்பம் தாராளமாக இருக்கலாம். வளவில் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும், ஒரு அறையும் தனி அடுப்பும் என்று பிரித்துக்கொண்டு ஒரே கூரைக்குக் கீழே வாழ்ந்தவர்கள்தானே நாம்.

போன திருவிழாவுக்கு வந்தபோது இதைப் பேசினோம். பங்காளிகள் ஊரில் இருக்கிற ஒருவருக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுப்பது, அதுவும் பின்கட்டை வாடகைக்கு விட மட்டும், விற்க அல்ல. வருகிற வாடகையை யாரும் பிரித்துக்கொள்ளாமல் ஓடு மாற்றவும் கரையான் மருந்துக்கும் போடுவது. பாதிப் பேர் சரி என்றார்கள். மீதிப் பேருக்குப் பயம் ஒன்றுதான், குடி வந்தவர் காலி செய்ய மாட்டார் என்று. நோட்டரி வாசல் அண்ணன் சொன்ன பதிவு ஒப்பந்தம் இருந்தால் அந்தப் பயம் பாதி குறையும், இதை நான் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடப் போகிறேன்.

இன்னொன்று. இங்கே சிங்கப்பூரில் பத்துப் பேரில் எட்டுப் பேர் அரசு வீட்டு வாரியம் கட்டிய வீட்டில்தான் இருக்கிறார்கள். 1989இலிருந்து ஒவ்வொரு பிளாக்கிலும் எந்த இனம் எவ்வளவு இருக்கலாம் என்று உச்சவரம்பு உண்டு. ஒரே இனத்தார் ஒரே இடத்தில் குவியாமல் இருக்க இந்த ஏற்பாடு. அதிலும் குறை இருக்கிறது, வீட்டை விற்கும்போது வாங்குகிறவர் எந்த இனம் என்று பார்க்க வேண்டியிருப்பதால் சிறுபான்மை இனத்தார் சில சமயம் விலை குறைத்து விற்க நேர்கிறது. அதை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவரச் சொல்லவில்லை. ஆனால் யார் பக்கத்தில் யார் குடியிருப்பது என்பதைக் கேட்டைப் பிடித்து நிற்கிறவரின் இஷ்டத்துக்கு விட்டால் என்ன ஆகும் என்று ஒரு அரசாங்கமே யோசித்திருக்கிறது.

சங்கராபுரத்தான் எழுதியது:

எல்லோரும் வாடகையைப் பற்றியே பேசுகிறீர்கள். 2024இல் காரைக்குடி மாநகராட்சி ஆனபோது எங்கள் ஊராட்சியையும் உள்ளே சேர்த்தார்கள். நூறு நாள் வேலை கிராமத்துக்குத்தான் என்று இருந்ததால் எங்களுக்கு அது போயிற்று. கலைஞர் கனவு இல்லம், வீட்டுக்கு 3.5 லட்சம் தருகிற திட்டம், அதுவும் ஊரகத்துக்குத்தான். இனிமேல் நாங்கள் நகர்ப்புறப் பிரதமர் வீட்டுத் திட்டத்தில்தான் கேட்க வேண்டும். சொந்த இடத்தில் கட்டுகிறவருக்கு மத்திய அரசு 1.5 லட்சம், அதற்கு மேல் மாநிலப் பங்கு. பணம் குறைகிறதே என்பதைவிட, இடத்துக்குப் பட்டா இருந்தால்தான் பேச்சே. தாத்தா காலத்திலிருந்து குடியிருக்கிறோம், காகிதம்தான் இல்லை.

நம் ஊர் மட்டத்தில் என்ன செய்யலாம் என்று கேட்ட தம்பிக்கு: எங்கள் தெருவில் பட்டா இல்லாத வீடுகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, வரி ரசீது, கரண்டு பில், ரேஷன் அட்டை நகல் சேர்த்து ஒரே மனுவாக வட்டாட்சியர் அலுவலகத்தில் கொடுத்தோம். தனித்தனியாகப் போனபோது நாளைக்கு வா என்றவர்கள், தெருவே போய் நின்றதும் சர்வேயரை அனுப்பினார்கள். பட்டா இன்னும் கைக்கு வரவில்லை, அளந்தாவது முடிந்தது.

கழனிவாசல் தம்பி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சங்கராபுரத்து அண்ணன் நோட்டை வைத்தே எனக்கும் ஒரு யோசனை. காலி வீடுகளுக்கு ஒரு பட்டியல் போடலாம், வாடகை, அட்வான்ஸ், கரண்டு தனி சர்வீஸா சப் மீட்டரா, மூன்றையும் முதலிலேயே எழுதியிருந்தால்தான் சேர்ப்பது, புரோக்கர் கூடாது. எழுதியபடி எல்லாம் ஒத்துவந்து, குலசாமி கேட்ட பிறகு மட்டும் இல்லை என்றால் அந்த வீட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது. தண்டனை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் நாலு பேருக்குத் தெரியும்.

ஆச்சி, உங்கள் பயத்துக்கும் ஒரு வழி தோன்றுகிறது. அட்வான்ஸ் மூன்று மாதம், கூடவே இதற்கு முன் இருந்த வீட்டுக்காரரிடமிருந்து பாக்கி இல்லை என்று ஒரு கடிதம். என்னிடம் இருக்கிறது, கேட்டால் இன்றைக்கே காட்டுவேன்.

முத்துப்பட்டணம் ஆச்சி எழுதியது:

கடிதம் இருந்தால் நாலு மாதத்துக்கு நான் சம்மதம், மூன்றுக்கு இல்லை. என் மாடி தை மாதம் காலியாகிறது, பட்டியலில் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். வாடகை ஆறாயிரத்து ஐந்நூறு, தனி சர்வீஸ், கார் நிறுத்த இடம் கிடையாது.