ஏலியன் ஐசோலேஷன்: நாங்க ஒளிச்சிருக்கிற இடத்தை மிருகத்துக்குச் சொல்லிக் குடுக்கிறது நியாயமா?

நிலாவெளி ராக்கோழி:

2014இல வந்த கேம்தான். என்னட்ட நல்ல பி.சி. இல்ல. 2021 கடைசியில போனுக்கு வந்ததை இப்பதான் வாங்கி விளையாடுறன். தெரியாத ஆக்களுக்கு: செவஸ்டோபோல் எண்டு ஒரு விண்வெளி நிலையம், 2137ஆம் ஆண்டு. அமாண்டா ரிப்ளி எண்ட பெண்ணின்ர கண்ணால எல்லாத்தையும் பாக்கிறம். ஒரு வேற்றுக்கிரக மிருகம் துரத்துது, அதைக் கொல்ல ஏலாது.

ஐந்தாவது மிஷனில, சான் கிறிஸ்டோபல் ஆஸ்பத்திரிப் பகுதியில நிக்கிறன். லொக்கருக்குள்ள பூந்து மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா வருது, மணந்து பாக்குது, போகுது. வெளியில வந்தா திரும்பி வருது. அறை மாறினாலும் அந்தப் பக்கமே வருது. இவ்வளவு பெரிய நிலையத்தில இதுக்கு வேற வேலையே இல்லையா எண்டு யோசிச்சுத் தேடி வாசிச்சன். உள்ளுக்குள்ள ரெண்டு மூளையாம். ஒண்டு மிருகத்தின்ர. மற்றது மேல இருந்து பாக்கிற 'டைரக்டர்'. நான் எங்க நிக்கிறன் எண்டது டைரக்டருக்கு எந்த நேரமும் தெரியும். அது மிருகத்தைப் பார்த்து "உந்தப் பக்கம் போய்த் தேடு" எண்டு அனுப்புது.

சின்னனில ஒளிச்சுப் பிடிச்சு விளையாடேக்க, கண்பொத்தி நிண்டவன்ர காதுக்குள்ள அவன்ர அம்மா "குசினிப் பக்கம் போய்ப் பார்" எண்டு சொன்னா அந்த ஆட்டத்தை நாங்க ஒத்துக்கொண்டிருப்பமா? இது கள்ள ஆட்டம். இதைப் போய் பத்து வருசமா 'உலகத்திலேயே புத்தியான எதிரி' எண்டு தலையில வச்சுக் கொண்டாடுறாங்க.

உவர்மலைக் காத்து:

தம்பி, பாதியை வாசிச்சிட்டு வந்து வழக்குப் போடுறீங்க. டைரக்டர் மிருகத்துக்கு உங்கட லொக்கரைக் காட்டிக் குடுக்கிறேல்ல. சுமாரா ஒரு இடத்தைத்தான் சொல்லுது. அங்க வந்த பிறகு உங்களைக் கண்டுபிடிக்கிறது அதின்ர கண்ணும் காதும்தான். பார்வை படுற பரப்புக்குள்ள நீங்க அம்பிடோணும், இல்லாட்டி சத்தம் போடோணும். இது ரெண்டும் இல்லாட்டி உங்களுக்கு முன்னாலேயே நிண்டாலும் அதுக்கு ஒண்டும் தெரியாது. உங்கட உதாரணத்தில அந்த அம்மா "குசினிப் பக்கம்" எண்டு மட்டும்தானே சொல்றா? அரிசிப் பானைக்குப் பின்னால எண்டு சொல்லேல்லையே.

மற்றப் பாதியை ஏன் எழுதேல்ல? அதே டைரக்டர் நெருக்கடியையும் அளந்துகொண்டே இருக்கு. மிருகம் கனநேரம் உங்களுக்குக் கிட்ட நிண்டா, கண்ணுக்கு முன்னால திரிஞ்சா, அந்த அளவு ஏறும். உச்சத்துக்குப் போனவுடனே "காணும், மேல போ" எண்டு வென்டுக்குள்ள, அதாவது மேல போற காத்துக் குழாய்க்குள்ள, ஏத்தி விடுது. நீங்க லொக்கருக்குள்ள நிக்க "போகுது" எண்டு எழுதினீங்களே, அதில கொஞ்சம் டைரக்டர் போட்ட பிச்சை. உங்களுக்குச் சாதகமான கள்ளத்தை எண்ணாம, எதிரான கள்ளத்தை மட்டும் எண்ணுறது எந்த ஊர் நியாயம்?

நிலாவெளி ராக்கோழி:

அண்ணா, அது இன்னும் மோசம். நான் கெட்டித்தனமா ஒளிச்சுத் தப்பிட்டன் எண்டு நெஞ்சை நிமித்திக்கொண்டு இருந்தன். இப்ப நீங்க சொல்றீங்க அது பிச்சை எண்டு. சாகேக்கயும் என்ர பிழை இல்ல, தப்பேக்கயும் என்ர கெட்டித்தனம் இல்ல. அப்ப நான் என்னத்துக்கு அங்க?

கிண்ணியா ஸ்பீக்கர்:

ரெண்டு பேரும் மூளையையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்க. காதைப் பத்தி ஒருத்தரும் கதைக்கேல்ல. ராக்கோழி, நீங்க போன் ஸ்பீக்கரிலதானே விளையாடுறீங்க? சும்மா ஒரு ஊகம்.

இந்தக் கேமில பாதி காதுக்குத்தான். வென்டுக்குள்ள அது ஊருற சத்தம் வேற, நிலத்தில குதிச்சு நடக்கிற சத்தம் வேற. மேல நிக்குதா கீழ நிக்குதா எண்டது ஹெட்போனில அப்பிடியே விளங்கும். ஸ்பீக்கரில எல்லாம் ஒரே கடமுடா. அடுத்தது உங்கட கையில இருக்கிற மோஷன் ட்ராக்கர், கிட்ட ஏதும் அசைஞ்சாக் காட்டுற கருவி. அது 'பிப் பிப்' எண்டு அடிக்கிறது மிருகத்துக்கும் கேக்கும். கிட்ட நிக்கேக்க அதைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு "எப்பிடி என்னைக் கண்டது" எண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?

பிளேஸ்டேஷன் ஃபோரில கமெரா பூட்டி விளையாடினா இன்னும் பகிடி. நம்மட வீட்டுச் சத்தமே கேமுக்குள்ள போகும், மிருகம் அதைக் கேட்டு வரும். எங்கட பக்கம் காலையில மீன்காரர் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு வருவாரு. உம்மா குசினியில இருந்து கூப்பிடுவா. அந்த செட்டிங்கைப் போட்டா ரிப்ளி பல்லு விளக்க முன்னம் மௌத்து.

நிலாவெளி ராக்கோழி:

ஹெட்போன் போட்டுத்தான் விளையாடுறன். ட்ராக்கரைத் தேவைக்குத்தான் எடுக்கிறன். என்ர கேள்விக்கு இது மறுமொழி இல்ல, ஸ்பீக்கர் நானா. சத்தம் போட்டா வரட்டும், அது நியாயம். சத்தமே போடாம ஒரு மூலையில குந்திக்கொண்டு இருக்கிறவனைத் தேடி ஏன் வருது எண்டுதான் கேக்கிறன்.

ஒப்பிட்டுப் பாருங்க. ஃப்ரிக்ஷனல் எண்ட கேம் கம்பனிக்காரர் 2023இல விட்ட 'அம்னீசியா: த பங்கர்' இருக்கு. முதலாம் உலகப்போர்க் காலத்துப் பதுங்குகுழி. அங்கயும் ஒரு மிருகம்தான், சுவருக்குள்ள திரியுது. ஆனா சட்டம் வெளிச்சமாத் தெரியும். ஜெனரேட்டருக்கு எண்ணெய் ஊத்தினா லைற் எரியும், லைற் எரிஞ்சா அது ஒதுங்கும். டோர்ச்சைக் கயிறு இழுத்துத்தான் சார்ஜ் ஏத்தோணும், அந்தச் சத்தம் அதை இழுக்கும். செத்தா எதால செத்தன் எண்டு எனக்கு விளங்கும். கசகசா பக்கத்து வீட்டில விளையாடேக்க பாத்தன், அந்த நிமிசமே இது நேர்மையான கேம் எண்டு தெரிஞ்சுது.

('கசகசா' எண்டது சிநேகிதன்ர பட்டப்பெயர். ஏன் எண்டு கேக்க வேண்டாம்.)

டொக்யார்ட் பெரியப்பா:

இந்த ஆங்கில எழுத்து கண்ணுக்குத் தெரியாத வயசில எனக்கு இதுகள் சரிவராது. மகன் விளையாடுவான், நான் பின்னுக்குக் கதிரையில இருந்து பாப்பன். அந்த விண்வெளிக் கதையை இருந்து பாப்பன். பங்கர் கேமைப் போட்டா எழும்பிப் போயிடுவன்.

ஷெல் விழேக்க மேல இருந்து மண் கொட்டுறதை அவங்க அச்சொட்டாச் செய்து வச்சிருக்கிறாங்க. எங்கட ஊரில என்ர வயசுக்காரருக்கு அதைக் கதிரையில இருந்து பாக்க வேண்டிய தேவை இல்ல. கேம் கூடாது எண்டு சொல்லேல்ல, நல்லாத்தான் செய்திருக்கிறாங்க. அதுதான் கரைச்சல்.

உவர்மலைக் காத்து:

பெரியப்பா சொல்றதோட ஒருத்தரும் வாதாட ஏலாது. ஆனா ராக்கோழிக்கு ஒண்டு. பங்கர் மிருகம் சத்தம் இல்லாட்டி வராது எண்டா நினைக்கிறீங்க? எண்ணெய் முடிஞ்சு இருட்டினா நீங்க மூச்சுக் காட்டாம இருந்தாலும் வெளியில வந்து திரியும். அங்கயும் கேம் உங்களைத் தள்ளுது. எண்ணெயால தள்ளுது, இங்க டைரக்டரால தள்ளுது. தள்ளாட்டி நீங்க மூலையிலயே குந்திக்கொண்டு இருப்பீங்க, மிருகம் அங்கால ஏதோ அறையில திரியும், அரை மணித்தியாலம் ஒண்டும் நடக்காது. அதுக்கா காசு குடுத்தனீங்க?

இந்த யோசனை புதுசும் இல்ல. வால்வ் கம்பனிக்காரர் 2008இல லெஃப்ட் ஃபோர் டெட் எண்ட சொம்பி கேமில டைரக்டர் எண்ட பேரிலேயே இதைச் செய்தாங்க. ஆக்கள் களைச்சா சொம்பிக் கூட்டத்தைக் குறைக்கிறது, சும்மா நிண்டா ஏவி விடுறது. அதைக் கள்ளம் எண்டு யாரும் சொல்லேல்ல.

திருக்கடலூர் மலர்:

சொல்லாததுக்குக் காரணம் இருக்கு. அதில நாலு பேர் துவக்கோட ஓடுறாங்க. கூட்டம் வந்தா சுடலாம். ஐசோலேஷனில பிடிபட்டா ஒரு அடியில கதை முடிஞ்சுது. தண்டனை பெரிசா இருந்தா சட்டமும் அதுக்கேத்த மாதிரி தெளிவா இருக்கோணும். அந்தளவில நான் ராக்கோழி பக்கம்.

ஆனா எனக்கு மிருகத்தோட கோவம் இல்ல, சேவ் செய்யிற, அதாவது விளையாடின மட்டத்தைப் பதிஞ்சு வைக்கிற, முறையோடதான். சுவரில இருக்கிற பெட்டிக்கு நடந்து போய், கார்டைப் போட்டு, மூண்டு லைற்றும் எரியும் வரைக்கும் காத்துக்கொண்டு நிக்கோணும். நிக்கேக்க பின்னால வந்து கொல்லவும் செய்யும். ரெசிடென்ட் ஈவில் ஏழில சேவ் அறைக்குள்ள போனா ஒரு நிம்மதி இருக்கு, இங்க அதுவும் இல்ல. நான் இதை விளையாடினது 2022இல. மார்ச் கடைசியில இலங்கையில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின காலம், ஞாபகம் இருக்குமே. அட்டவணையில ஒரு நேரம் போடுவாங்க, போறது இன்னொரு நேரம். கஷ்டப்பட்டுத் தவண்டு தவண்டு ஒரு பெட்டிக்குக் கிட்டப் போகேக்க வீடே இருட்டிப் போகும். மிருகம் என்னைக் கொண்டதை விடக் கரண்ட் கொண்டதுதான் கூட. நேரத்தைப் பறிச்சு வாற பதட்டத்தைப் பயம் எண்டு விக்கிறாங்க. கேம் விமர்சனம் எழுதுற ஐ.ஜி.என். தளம் இதுக்குப் பத்துக்கு 5.9 போட்டதுக்கு எல்லாரும் ஏசினாங்க. நான் ஏசேல்ல.

உவர்மலைக் காத்து:

பி.சி. கேமர் சஞ்சிகை நூற்றுக்கு 93 போட்டதையும் சேர்த்துச் சொல்லுங்க, மலர்.

சேவ் பெட்டி லேசா இருந்தா நீங்க மிருகத்துக்குப் பயப்பிடவே மாட்டீங்க. செத்தா என்ன, பத்து செக்கனுக்கு முன்னால போய் நிக்கலாம். ரெண்டாம் மூண்டாம் முறை சாகேக்க அது மிருகம் இல்ல, ரப்பர் பொம்மை. இழக்க ஒண்டு இருந்தாத்தான் பயம்.

திருக்கடலூர் மலர்:

ஒரே பகுதியை நாலாம் முறை நடக்கேக்கயும் அது ரப்பர் பொம்மைதான், அண்ணா. எந்தக் கதவால வரும் எண்டு மனப்பாடம். ரெண்டு வழியாலும் பயம் சாகுது, உங்கட வழியில என்ர பின்னேரமும் சேர்ந்து சாகுது. ஃப்ரிக்ஷனல்காரரே 'சோமா' எண்ட அவங்கட கேமுக்கு 2017இல 'சேஃப் மோட்' எண்டு ஒண்டு குடுத்தாங்க. மிருகங்கள் திரியும், கொல்லாது. அதில விளையாடின எனக்கு அந்தக் கடலுக்கடிக் கதை ரெண்டு நாளா மனசை விட்டுப் போகேல்ல.

யூடியூப் போதும்:

இவ்வளவு கரைச்சல் எதுக்கு? யாராவது விளையாடுறதைப் பாத்தா முடிஞ்சுது. கரண்ட் போனா போனில பாக்கலாம்.

கிண்ணியா ஸ்பீக்கர்:

தம்பி, மற்றவன் சாப்பிடுறதைப் பாத்து ஏப்பம் விடுற கேஸ் நீங்க. அங்கால இருங்க.

நிலாவெளி ராக்கோழி:

உவர்மலை அண்ணா, நான் கடைசியாச் சொல்றதைப் பிடிச்சுக்கொள்ளுங்க. தள்ளுறது பிழை எண்டு சொல்லேல்ல. தள்ளுறதை மறைக்கிறதுதான் பிழை. பங்கரில எண்ணெய் முடியிறதை நான் மணிக்கூட்டில பாத்து எண்ணலாம். எப்ப திரும்பி ஓடோணும் எண்டு நானே முடிவெடுக்கலாம். ஐசோலேஷன் என்ர கையில ஒரு ட்ராக்கரைத் தந்து "நீ அதைத் தேடு, அது உன்னைத் தேடும், ரெண்டு பேரும் சமன்" எண்டு நம்ப வைக்குது. மேல இருந்து மூண்டாவது ஆள் ஒருத்தர் நடத்துறார் எண்டு கேமுக்குள்ள ஒரு சொல்லும் இல்ல. பி.சி.யில விளையாடுறவங்க ஒரு மோட், அதாவது கேமை மாத்துற ஒரு துண்டு, செய்து வச்சிருக்கிறாங்களே, மிருகத்தை ஆளைச் சுத்தியே கட்டி வைக்காம அவிழ்த்து விடுற மோட். விளையாடுற ஆக்களுக்கே அந்தக் கயிறு உறுத்தினதாலதானே அதைச் செய்தாங்க?

உவர்மலைக் காத்து:

அந்த மோட்டைப் போட்டவங்க கேம் லேசாகட்டும் எண்டு போடேல்ல. எப்ப வரும் எண்டு தெரியாம இன்னும் பயப்பிடத்தான் போட்டாங்க. உங்கட சாட்சி என்ர பக்கம் நிக்குது.

மறைக்கிறதைப் பத்திச் சொல்றன். நெருக்கடி எவ்வளவு ஏறியிருக்கு எண்டு மூலையில ஒரு கோடு போட்டுக் காட்டினா நீங்க மிருகத்தைப் பாக்க மாட்டீங்க, கோட்டைத்தான் பாப்பீங்க. "இன்னும் கொஞ்சம் ஏறட்டும், தானாப் போயிடும்" எண்டு லொக்கருக்குள்ள நிண்டு எண்ணிக்கொண்டு இருப்பீங்க. 'நைட்மேர்' எண்ட ஆகக் கஷ்டமான மட்டத்தில மேப்பையே எடுத்து, ட்ராக்கரையும் பழுதாக்கி வச்சிருக்கிறாங்க. காட்டுறதைக் குறைக்கக் குறைக்கத்தான் இந்தக் கேம் நல்லா வருது.

கிண்ணியா ஸ்பீக்கர்:

விசயத்துக்குச் சம்பந்தமில்லாம ஒண்டு. திருகோணமலை சீனக்குடாவில வெள்ளைக்காரன் கட்டின எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள்ள நிக்குதே, 1942இல யப்பான்காரன் வந்து குண்டு போட்ட இடம். அதுக்குள்ள ஒரு கேம் வச்சா எப்பிடி இருக்கும்? இரும்புத் தாங்கிக்குள்ள ஒரு கல்லு விழுந்தா எவ்வளவு நேரம் எதிரொலிக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்க. எதால வந்த சத்தம் எண்டே தெரியாது. டைரக்டர் தேவையே இல்ல.

டொக்யார்ட் பெரியப்பா:

அதைச் செய்யுங்க, நான் இருந்து பாக்கிறன்.

உவர்மலைக் காத்து:

ராக்கோழி, ஞாயிறு பின்னேரம் என்ர வீட்டுக்கு வாங்க. பி.சி.யில சான் கிறிஸ்டோபலை முதல் மோட் இல்லாமப் போடுவம், பிறகு மோட்டோட போடுவம். ரெண்டு முறையும் நீங்க ஒரே மூலையில அசையாம குந்துங்க, நான் நேரம் பிடிக்கிறன். அதுக்குப் பிறகு கள்ளம் எண்டு சொல்லுங்க.

நிலாவெளி ராக்கோழி:

வாறன். ஆனா மேசையில நான், பக்கத்தில நேரம் பிடிக்கிறது மலர் அக்கா. உங்களை விட்டா நீங்களும் டைரக்டர் வேலை பாப்பீங்க.

திருக்கடலூர் மலர்:

யூ.பி.எஸ். இருந்தா வாறன்.