மறு: டமாஸ்கஸ் எஃகு: ஒரு பெயர் போதாது

குழுவினருக்கு வணக்கம். கத்தி அலகின்மேல் நெளிநெளியாக வரி தெரியும் டமாஸ்கஸ் எஃகுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> டமாஸ்கஸ் எஃகு என்று ஒலிபெயர்த்து விட்டுவிடலாமே. உலகம் முழுக்க அப்படித்தானே சொல்கிறார்கள்?

உலகம் முழுக்க அப்படிச் சொல்வதுதான் சிக்கலே, ஐயா. மலிவு அலகுகளை விற்பவர்களுக்கு அந்த ஒற்றைப் பெயர் எவ்வளவு வசதி என்று பாருங்கள். பிடி போடாத வெறும் அலகை வாங்கித் தாங்களே பிடி மாட்டிக்கொள்ளும் ஆர்வலர்கள் இப்போது நிறையப் பேர். அவர்களுக்கு வரும் சரக்கில் பெரும்பகுதி இரண்டு ஊர்களுடையது. ஒன்று பாகிஸ்தான் பஞ்சாபில் இருக்கும் வசீராபாத். இன்னொன்று சீனாவின் குவாங்டோங் மாகாணத்து யாங்ஜியாங். இரண்டும் பேர்போன கத்தி ஊர்கள்தான். அங்கே நல்ல சரக்கும் உண்டு, குப்பையும் உண்டு. இரண்டுக்கும் பெட்டியின்மேல் ஒரே பெயர். தமிழில் சொல் ஆக்கும்போதாவது, அலகின்மேல் தெரியும் அந்த வரி எப்படி வந்தது என்பதைச் சொல்லும் பெயராக வைப்போம். அப்படிப் பார்த்தால் மூன்று வகைக்கு நமக்குத் தனித்தனிச் சொற்கள் வேண்டும்.

முதலாவது, பழைய சரக்கு. நம் பக்கத்திலும் தெலங்கானா, கர்நாடகப் பகுதிகளிலும் இலங்கையிலும் மூசை என்ற உருக்கும் மண்கலத்துக்குள் இரும்பையும் கரியையும் வைத்து மூடி உருக்கி எடுத்த கட்டி. கரிமம் ஏறத்தாழ ஒன்றரை சதவீதம். 1795-இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் எழுதிய கட்டுரையில் இது ‘ஊட்ஸ்’ ஆகிவிட்டது. கன்னட ‘உக்கு’ திரிந்து அப்படி ஆனது என்பது பரவலான கருத்து. இதில் வரி வெளியிலிருந்து வருவதில்லை. கட்டி ஆறும்போதும், பிறகு குறைந்த சூட்டில் திரும்பத் திரும்ப அடிக்கும்போதும் இரும்பும் கரிமமும் சேர்ந்த கார்பைடு துகள்கள் வரிசை கட்டிக்கொள்கின்றன. தாதுவில் இருந்த துளி வனேடியம் போன்ற உலோகங்கள்தான் அதற்குக் காரணம் என்று 1990-களில் உலோகவியலாளர் வெர்ஹோவனும் கொல்லர் பெண்ட்ரேயும் செய்து காட்டினார்கள். இதற்கு ‘மூசை உருக்கு’ என்பது என் பரிந்துரை. தட்டார் பட்டறையில் இன்றும் மூசை என்ற சொல் புழங்குகிறது, புதிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் எதுவும் இது அல்ல என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

> அடுக்கெஃகு என்பது சுருக்கமாக இருக்கிறது. அடுக்கு கூடக் கூடத் தரமும் கூடும் என்ற பொருளும் அதில் தானாக வந்துவிடுகிறது.

இரண்டாவது வாக்கியத்துக்காகவே அந்தச் சொல்லை வெறுமனே ஏற்கத் தயங்குகிறேன். இரண்டாவது வகை இதுதான். இன்று டமாஸ்கஸ் என்று விற்பதில் பெரும்பாலானது, இரண்டு வகை எஃகுத் தகடுகளை மாற்றி மாற்றி அடுக்கி, வெங்காரம் தூவிக் காய்ச்சி, அடித்து ஒட்டியது. முறை மிகப் பழையது. ஆனால் இதை டமாஸ்கஸ் என்ற பெயரோடு மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கக் கொல்லர் வில்லியம் மோரன், 1973-இல். நல்ல பட்டறைகளில் வழக்கமான ஜோடி 1095, 15என்20 என்ற எஃகு வகைகள். முன்னது ஏறக்குறைய 0.95 சதவீதக் கரிமம் கொண்ட எளிய எஃகு. பின்னதில் 2 சதவீதம் நிக்கல். அமிலத்தில் முக்கினால் முன்னது கறுக்கும், நிக்கல் உள்ளது பளபளப்பாகவே நிற்கும். வரி என்பது அவ்வளவுதான்.

கடைக்காரர் சொல்லும் கதை வேறு: கடினமான அடுக்கு வெட்டும், மெதுவான அடுக்கு தாங்கும் என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒட்டும் சூட்டில் கரிமம் ஓர் அடுக்கிலிருந்து அடுத்ததற்குச் சீக்கிரமே பரவிவிடும். அடுக்குகள் மெலிய மெலிய இன்னும் வேகமாகப் பரவும். எட்டுத் தகட்டில் தொடங்கி ஐந்து முறை மடித்தால் 256 அடுக்கு. அதற்குள் கரிமம் எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரே அளவு ஆகிவிடும். வேறுபட்டு நிற்பது நிக்கல் மட்டுமே, அதுவும் நிறத்துக்கு. நல்ல எஃகோடு சாதா இரும்பைக் கலந்து அடித்தால் நடப்பதும் இதுதான். கரிமம் பங்கிடப்பட்டு, முழு அலகும் பாதிக் கடினத்தில் வந்து நிற்கும். மலிவு அலகில் நான் அஞ்சுவது இதைத்தான். விளம்பரத்தில் 1095 என்று எழுத யாருக்கும் காசு செலவில்லை.

அப்புறம் அந்த ‘67 அடுக்கு’. யாங்ஜியாங் சமையல் கத்திகளில் அடிக்கடி காண்கிற எண். நடுவில் ஒரே தகடு, இருபக்கமும் 33, 33. நடுத்தகடு பெரும்பாலும் 10சிஆர்15சிஓஎம்ஓவி என்ற சீன எஃகு. ஜப்பானின் விஜி-10 எஃகுக்கு இணையாகச் சொல்லப்படுவது. வெட்டுவது அந்த நடுத்தகடு மட்டும்தான். மீதி 66-உம் போர்வை, காய்கறியைத் தொடுகிற கூர்முனைக்கு அவை வருவதே இல்லை. ஆகவே இந்த வகைக்கு ‘போர்வை வரி’ என்று தனியாகச் சொல்லலாம். முழு அலகும் அடுக்கால் ஆனதை ‘வரியடுக்கு எஃகு’ எனலாம். வரி முதலில் நிற்பதால் எண்ணிக்கைப் பெருமை கொஞ்சம் பின்னால் போகிறது.

மூன்றாவது, சுத்த ஏமாற்று. ஒரே வகைத் துருப்பிடிக்காத எஃகு, மேலே லேசரால் போட்ட வரி. இதற்கு ‘மேல்வரி’ போதும். கண்டுபிடிப்பதும் எளிது. அலகின் முதுகைப் பாருங்கள். உண்மையான அடுக்கு என்றால் முதுகிலும் மெல்லிய கோடுகள் நீளவாக்கில் ஓடும். பக்கத்து வரி முதுகில் ஏறி மறுபக்கம் தொடரும். மேல்வரி என்றால் முதுகு மொட்டையாக இருக்கும். போர்வை வகையில் கூருக்குச் சற்று மேலே போர்வை முடிந்து நடுத்தகடு தொடங்கும் எல்லை நெளிந்து நெளிந்து போகும். அது நூல் பிடித்ததுபோல நேராக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இன்னும் ஐயம் இருந்தால், பிடிக்குள் மறையப்போகும் இடத்தில் ஒரு விரல் அகலம் எமரித் தாளால் தேய்த்து வரியை முழுக்க எடுத்துவிடுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் சர்க்யூட் பலகை அரிக்க விற்கும் பெரிக் குளோரைடை நீரில் கலந்து, அந்த இடத்தில் சில நிமிடம் வையுங்கள். கையுறை அவசியம், துணியில் பட்டால் கறை போகவே போகாது. அடுக்கு உண்மையானால் வரி திரும்ப எழும். மேல்வரி என்றால் அந்த இடம் ஒரே சாம்பல் நிறம்தான். வரி எழுந்தும் மங்கலாக, சாம்பலுக்குள் சாம்பலாகத் தெரிந்தால் நிக்கல் இல்லை என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம். அப்படியானால் 15என்20 என்று போட்டதை நம்ப வேண்டாம்.

> தரம் பார்க்கும் சொற்களையும் சேர்த்தே முடிவு செய்தால் என்ன?

சரி, செய்வோம். அலகின் தரத்தில் பாதிக்குமேல் தோய்ச்சலில் இருக்கிறது. இது நம் கொல்லர் சொல். காய்ச்சிய அலகை எண்ணெயிலோ நீரிலோ முக்கிக் கடினமாக்குவது. பிறகு 200 டிகிரி அளவில் மறுசூடு காட்டி முறுகலைத் தணிப்பதற்குப் ‘பதம்’ என்பதை வைக்கலாம். வரி எவ்வளவு அழகாக இருந்தாலும் தோய்ச்சல் சரியில்லை என்றால் அலகு காட்சிப் பொருள்தான். நல்ல அரத்தை கூரின்மேல் லேசாக ஓட்டுங்கள். வழுக்க வேண்டும், அல்லது அரைகுறையாகப் பிடிக்க வேண்டும். ஆணியில் பிடிப்பதுபோல நறுக்கென்று பிடித்தால் தோய்ச்சல் ஏறவில்லை. அடுத்து, தீட்டிய கூரைப் பித்தளைக் கம்பியில் சாய்த்து அழுத்தினால் கூர் சற்று வளைந்து திரும்ப வேண்டும். வளைந்தபடி நின்றால் மெது, பொடிந்தால் பதம் போதவில்லை.

ஒரு விதிவிலக்கு. மலிவு அலகுகளை நீர் காட்டாமல் சுழலும் எமரி பெல்ட்டில் வேகமாகத் தேய்ப்பதால் மெல்லிய கூர்முனை மட்டும் சூடேறிக் கடினம் இழப்பது உண்டு. அலகு புதிதாக இருக்கும்போது கூர் நிற்காது. சில முறை சாணை பிடித்து அந்த ஓரம் தேய்ந்த பிறகு நன்றாக வெட்டத் தொடங்கும். ஆகவே முதல் வாரத்திலேயே தூக்கி எறிந்துவிடாதீர்கள். இந்தக் கோளாறுக்குக் ‘கூர்கருகல்’ என்று எழுதிப் பார்த்தேன். பரவாயில்லை என்று தோன்றுகிறது.

இன்னொரு கோளாறு, அடுக்குகள் முழுதாக ஒட்டாமல் இடையில் நிற்கும் கறுப்பு இழை. வரிக்கோடு போலவே தெரியும், ஆனால் தேய்க்கத் தேய்க்கப் போகாது. நகத்தை ஓட்டினால் தடுக்கும். ஈரம் உள்ளே போய் அங்கிருந்துதான் துரு கிளம்பும். அது கூரில் இருந்தால் அலகைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், முதுகுப் பக்கம் என்றால் விலையைக் குறைக்கக் கேட்கலாம். ‘ஒட்டாக்கோடு’ என்று வைத்திருக்கிறேன்.

> எங்கள் பக்கம் உருக்கு என்றுதான் பேச்சு. எஃகு என்றால் செய்யுள் போல இருக்கிறது.

யாழ்ப்பாணத்து நண்பர் சொல்வது நியாயம். இங்கேயும் சேலத்தில் இருப்பது உருக்காலைதானே. வரியடுக்கு, போர்வை வரி, மேல்வரி மூன்றிலும் வேறுபாட்டைக் காட்டுவது முன்சொல்தான். பின்னால் எஃகு வந்தாலும் உருக்கு வந்தாலும் குழப்பம் இல்லை. பழையதற்கு மட்டும் ‘மூசை’யை விடக்கூடாது. வெறும் உருக்கு என்றால் எல்லாமே உருக்குத்தான்.

போர்வை வரியில்தான் எனக்கே முழு நிறைவில்லை. போர்வை என்பது துணிபோல ஒலிக்கிறது. ‘உறைவரி’ என்று ஒரு நண்பர் தனிமடலில் எழுதினார், ஆனால் கத்திக்கு உறை என்றால் வேறு பொருள் முந்திக்கொள்ளும். பட்டறைப் பழக்கம் உள்ளவர்கள் யாராவது, தகட்டுக்கு மேல் தகடு ஒட்டுவதற்கு உங்கள் ஊரில் என்ன சொல்வார்கள் என்று எழுதினால் அதையே எடுத்துக்கொள்ளலாம். ஞாயிறுக்குள் எழுதினால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்.